கையில் பட்டை கட்டிப் பார்க்க முடியாத பிரஷர்

வேப்பனப்பள்ளிப் பக்கம் இப்போது யாரைக் கேட்டாலும் தன் பிரஷர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற பாட்டிகூட, "நூத்தி அம்பது கீதாம்மா, உப்பு கொறைக்கச் சொல்லிட்டாங்க" என்பாள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்தபடியே பிரஷர் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்வது பழகிப்போய்விட்டது. நல்ல பழக்கம்தான்.

ஆனால் நம் உடம்பில் இன்னொரு பிரஷரும் உண்டு. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் இருக்கும் அழுத்தம் அது. கையில் பட்டை கட்டினால் அது தெரியாது. கைப் பிரஷர் 120-க்கு 80 என்று சரியாக இருக்கும்போதே இது ஏறிக்கிடக்கலாம். நான் அரசு மருத்துவமனையின் நெஞ்சுநோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். வருஷக்கணக்காக இளைப்போடு வந்துபோய்க்கொண்டிருந்து, கடைசியில் படுக்கையில் விழுந்தவர்களில் பலரை மடக்கியது இந்த இரண்டாவது பிரஷர்தான். நுரையீரல் நோய் என்றதும் எல்லோருக்கும் காற்றும் சளியும் ஞாபகம் வரும். அங்கே ஓடும் ரத்தக் குழாய்கள் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

மெல்லிய குழாய்கள்

இதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை உடம்பெங்கும் அனுப்புகிறது. மூளைக்குக் கொஞ்சம், சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் என்று அது பிரிந்து போகும். நுரையீரலில் அந்தப் பங்கீடு கிடையாது. 5 லிட்டரும் அதே நிமிஷத்தில் அதன் வழியாகப் போயாக வேண்டும். அப்படியிருந்தும் அங்கே சராசரி அழுத்தம் 14 மில்லிமீட்டர் அளவுதான். 20-ஐத் தாண்டினால் நுரையீரல் ரத்த அழுத்த நோய் என்கிறார்கள். முன்பு 25 என்று இருந்த கோட்டை 2018-ல் உலக நிபுணர்கள் கூடிக் கீழே இறக்கினார்கள்.

இவ்வளவு ரத்தம் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஓடக் காரணம் இடவசதி. நுரையீரலில் 30 கோடிக்கு மேல் காற்றறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்தால் 70 சதுர மீட்டர் அளவுக்கு வரும். ஒவ்வொரு அறையையும் நுண்குழாய் வலை ஒன்று போர்த்தியிருக்கிறது. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்தக் குழாய்களில் பல மூடியே கிடக்கும். மேடு ஏறினால், மூட்டை தூக்கினால் அவையும் திறந்துகொள்ளும்.

இந்தத் தாராளம்தான் ஆபத்தும். குழாய்கள் ஒவ்வொன்றாகச் சேதமானாலும் மிச்சமிருப்பவை சமாளித்துவிடும். மூச்சு முட்டி ஆள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது பெரும்பங்கு போயிருக்கும்.

மூன்று பேர், மூன்று வழி

ஓய்வுக்குப் பிறகும் அக்கம்பக்கத்தில் கூப்பிட்டால் போய்ப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்த மூன்று பேரைச் சொல்கிறேன்.

முதலாமவர் மாந்தோப்புக் காவல்காரர். இளவயதிலிருந்து பீடி. ராத்திரிக் காவலில் கணக்கே கிடையாது. "சிஸ்டர், காலு உப்பிக்கினு கீது. கிட்னி போயிடுச்சான்னு பயமா கீது" என்றார். வீட்டில் மெடிக்கல் கடையில் கேட்டு நீர் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ரெண்டு நாள் வீக்கம் வடிந்தது, பிறகு மறுபடி ஏறியது. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன், ரத்தத்தில் ஆக்சிஜன் 85 சதவீதம் என்று காட்டியது.

இரண்டாமவர் ஒரு அம்மா. பீடியைத் தொட்டதில்லை. ஆனால் கூட்டுக் குடும்பத்துக்கு ரெண்டு வேளையும் ராகிக் களி கிண்டியவர். வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. அதில் டீ வைப்பார்கள். களிக்கும் வெந்நீருக்கும் விறகுதான். மழைக்காலத்தில் ஈரமான மாங்கிளையை ஊதி ஊதி எரியவைத்த மூச்சு அது.

மூன்றாமவருக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. கிரானைட் பட்டறையில் பலகையின் ஓரத்தைக் கை கிரைண்டரால் இழைத்தவர். பெரிய மெஷினில் தண்ணீர் ஓடும். கை கிரைண்டர் வேலை பெரும்பாலும் காய்ந்த கல்லில். மூக்கில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான்.

மூவரும் தனித்தனி விதிவிலக்குகள் அல்லர். 2016-ல் இந்தியாவில் சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இருந்தவர்கள் 5.53 கோடிப் பேர், 1990-ல் 2.81 கோடி. 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்கு இது. அந்த நோயின் சுமையில் காற்று மாசுக்கு 53.7 சதவீதப் பங்கு, புகையிலைக்கு 25.4 சதவீதம் என்று அதே ஆய்வு சொல்கிறது. இதில் காற்று மாசு என்பது லாரிப் புகையோடு அடுப்புப் புகையையும் சேர்த்துத்தான். திருவள்ளூர் மாவட்டத்து 45 கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்த ஓர் ஆய்வு 2011-ல் வந்தது. நூற்றில் இரண்டு பேருக்கு மேல் சிஓபிடி இருந்தது. தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் சமைத்தவர்களிடம் அது 3 சதவீதம்.

கல் தூசியின் கதை எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கமே எழுதப்பட்டிருக்கிறது. கோலார் தங்கவயலில் எங்கள் பக்கத்துத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கினார்கள். 1940-களில் அங்கே 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை மருத்துவர்கள் பரிசோதித்தபோது நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்கிற கல் தூசி நோய் இருந்தது. இந்தியாவில் இந்த நோய் பற்றிய ஆரம்பகால ஆவணங்களில் அது ஒன்று. 2001 பிப்ரவரி 28-ல் தங்கவயல் மூடப்பட்டது. ஆனால் அந்தச் சுரங்கப் பாறையில் இருந்த குவார்ட்ஸ்தான் கிரானைட்டிலும் இருக்கிறது. குவார்ட்ஸ் தூளை உடம்பால் கரைக்க முடியாது. அதை விழுங்கவரும் காவல் செல்கள் செத்துப்போகும். அந்த இடத்தில் முடிச்சு முடிச்சாகத் தழும்பு விழுந்து, பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாயை நெரிக்கும்.

பீடி, விறகு, கல். மூன்றும் போய்ச் சேருமிடம் அந்த மெல்லிய குழாய்தான்.

மடையை அடைக்கும் புத்தி

நுரையீரல் குழாய்களுக்கு மட்டும் ஒரு விசேஷப் புத்தி உண்டு. உடம்பின் வேறெந்த இடத்திலும் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தக் குழாய் விரிந்து கூடுதல் ரத்தத்தை வரவழைக்கும். நுரையீரலில் நேர்மாறு, ஆக்சிஜன் குறைந்த இடத்தில் குழாய் சுருங்கும். 1946-ல் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லரும் யோரான் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் கண்டு எழுதினார்கள்.

தண்ணீர் பாய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இதன் நியாயம் சட்டென்று புரியும். பயிரில்லாத பாத்திக்கு மடையை அடைத்து, பயிர் நிற்கும் பாத்திக்குத் திருப்பிவிடுவதுதான் இது. சளி அடைத்து ஒரு மூலையில் காற்று போகவில்லையென்றால் அங்கே ரத்தம் போய் என்ன பயன்? நல்ல காற்று இருக்கும் பக்கம் போகட்டும் என்று நுரையீரல் முடிவெடுக்கிறது. நிமோனியாவில் ஒரு பக்கம் கெட்டவரைக்கூட இந்தப் புத்தி காப்பாற்றுகிறது.

நாள்பட்ட நோயில் ஒரு மூலை மட்டுமல்ல, நுரையீரல் முழுக்க ஆக்சிஜன் குறைகிறது. எல்லா மடையும் ஒரே நேரத்தில் அடைபடும். 5 லிட்டர் ரத்தம் எங்கே போகும்? பின்னால் அழுத்தம் ஏறும்.

இதற்கு ஒரு மாட்டுக் கதை உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் உயரமான மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிப்போன மாடுகள் சிலவற்றுக்கு நெஞ்சுத் தசையிலும் அலைதாடியிலும் நீர் கோத்துத் தொங்கியது. 1915-லேயே அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் இதை எழுதிவைத்தார்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவு. நுரையீரல் குழாய் சுருங்கி, வலது இதயம் திணறி, நீர் கோத்தது என்று பிறகுதான் விளங்கியது. நோய் முற்றுவதற்குள் மாட்டைக் கீழே இறக்கினால் தேறிவிடும். காவல்காரருக்கு வந்ததும் இதேதான். அவர் எந்த மலையும் ஏறவில்லை. பீடி அவர் நெஞ்சுக்குள்ளேயே ஒரு மலையை உண்டாக்கிவிட்டது. மாடு தேறியது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவம் அங்கிருந்துதான் வருகிறது.

பழுதுபார்ப்பே பழுதாகும்போது

குழாய் சுருங்குவது ஒரு பாதி. சேதமாவது மறுபாதி.

ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஓர் உள்தோல் இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருக்கும். இதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. புகையின் நஞ்சு நேராக இந்த உள்தோலைத் தாக்குகிறது. 1990-களின் இறுதியில் பார்சிலோனா மருத்துவர்கள், நுரையீரல் அறுவையில் எடுத்த குழாய்களைச் சோதித்தார்கள். நோய் லேசாக மட்டுமே இருந்தவர்களிடமும் உள்தோல் தளர்ந்து கொடுக்கும் சக்தியை இழந்திருந்தது. அதாவது, "எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா இருமல்தான்" என்று சொல்கிற காலத்திலேயே குழாய் கெட ஆரம்பித்துவிடுகிறது.

அடிபட்ட இடத்தை உடம்பு சும்மா விடாது. செல்கள் பெருகும். தசையே இருக்கக்கூடாத சிறு குழாய்களில் தசை ஊர்ந்து ஏறும். நார் படியும். எல்லாமே காயத்தை மூடும் முயற்சிதான். ஆனால் தினமும் அடி விழுந்தால் தினமும் பூச்சு விழும். சுவர் தடித்து உள்வழி குறுகும். சும்மா சுருங்கிய குழாய் ஆக்சிஜன் கொடுத்தால் விரியும். தடித்துப்போன குழாய் அவ்வளவு எளிதில் விரியாது. சீக்கிரம் வந்தவருக்கும் தாமதமாக வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

எம்ஃபிசீமா என்ற சிஓபிடி வகையில் இன்னும் ஒரு படி மேலே. காற்றறைகளின் சுவரே இற்று, அதிலிருந்த நுண்குழாய் வலையும் சேர்ந்து போகிறது. அறை இடிந்ததால் குழாய் போயிற்று என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2000-ல் அமெரிக்காவில் எலிகளுக்குப் புகையே காட்டாமல், ரத்தக் குழாயை வாழவைக்கும் விஇஜிஎஃப் என்ற சமிக்ஞையை மட்டும் மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள். காற்றறைகள் இற்றுப்போயின. குழாய் செத்தாலும் அறை இடியும் என்று தெரிந்தது. குழாய்தான் அறையைத் தாங்கி நிற்கிறது.

கால் வீங்குவது ஏன்

இதயத்தின் வலப்பக்கம் மெல்லிய சுவருள்ளது. 14 மில்லிமீட்டருக்கு எதிராகத் தள்ளவே பழகியது. சிஓபிடி முற்றியவர்களுக்குப் பெரும்பாலும் 25 முதல் 35 வரை ஏறும். கேட்பதற்குச் சின்ன எண், ஆனால் வழக்கமான பாரத்தைப்போல இரண்டு மடங்கு. வலது இதயம் தடிக்கும், பிறகு விரியும், பிறகு சோரும். முன்னால் தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கும். கழுத்து நரம்பு புடைக்கும். கல்லீரல் வீங்கி வலது விலாவுக்குக் கீழே கனக்கும், பசி போகும். கடைசியில் கணுக்காலில் நீர் இறங்கும்.

இந்தக் கட்டத்தில்தான் வீட்டார் கிட்னி என்றும் வாயு என்றும் அலைகிறார்கள். வேப்பனப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் குப்பத்துக்கும் கோலாருக்கும் பஸ் மாறி மாறி ஏறுவார்கள். கால் வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. சிறுநீரகம், கல்லீரல், ரத்தசோகை எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வருஷக்கணக்காக இளைப்பு இருப்பவருக்குக் கால் வீங்கினால் முதல் சந்தேகம் நுரையீரல் குழாய் மீது விழவேண்டும்.

அந்தப் பிரஷரை நேராக அளக்க இதயத்துக்குள் குழாய் விடவேண்டும். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தன் கை நரம்பு வழியாகத் தானே குழாயை விட்டுக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், அது இதயத்துக்குள் நிற்பதைப் படமெடுத்துக் காட்டினார். 1956-ல் அவருக்கும் இந்த முறையை வளர்த்த கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் இருவருக்கும் நோபல் கிடைத்தது. நமக்கு முதலில் அவ்வளவு தேவையில்லை. எக்கோ டெஸ்ட்டில் வலது இதயம் விரிந்திருக்கிறதா, அழுத்தம் சுமாராக எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது.

எது சரியாகும், எது ஆகாது

நுரையீரலுக்குத் தன்னைத்தானே சீர்செய்யும் சக்தி கொஞ்சம் இருக்கிறது. 2020-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதியதைப் படித்தபோது எனக்கே புதிதாக இருந்தது. காற்றறையைச் சுற்றிய நுண்குழாயில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றனவாம். ஒருவகை காற்றை மாற்றிக்கொள்வதற்கென்றே பரந்து விரிந்தது. இன்னொரு வகை, சேதம் வந்தால் பெருகி இரண்டு வகையையும் உண்டாக்கித் தருவது. விதைநெல் இன்னும் உள்ளே இருக்கிறது. ஆனால் அதைத் தட்டி எழுப்பும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. இப்போதைக்கு நம்மால் முடிந்தது, தினமும் விழும் அடியை நிறுத்துவது. பீடியை விடுவது, களியைக் கேஸுக்கோ புகைபோக்கி வைத்த அடுப்புக்கோ மாற்றுவது, கல்லை ஈரம் பண்ணி அறுப்பது, கைக்குட்டைக்குப் பதில் என்95 போடுவது. போன அறை திரும்பாது. இருக்கும் குழாய் பிழைக்கும்.

குழாயை விரிக்க மாத்திரை இல்லையா என்று கேட்பார்கள். சில்டெனாஃபில் இருக்கிறது, குழாயிலேயே நோய் தொடங்கும் அரிய வகைக்கு நன்றாக வேலை செய்யும். சிஓபிடிக்காரருக்கு அதைத் தானாக வாங்கிக் கொடுக்கக்கூடாது. காற்றில்லாத பக்கத்துக்கு நுரையீரல் புத்தியோடு அடைத்துவைத்த வழியையும் மாத்திரை திறந்துவிடும். ரத்தம் வீணாக அங்கே போய், ஆக்சிஜன் இன்னும் இறங்கும். மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்தாக இருந்தால் காற்று போகும் இடத்துக்கு மட்டும்தானே போகும் என்று யோசித்தார்கள். அப்படி வந்த டிரெப்ரோஸ்டினில் நுரையீரல் தழும்பு நோயில் பயன்பட்டு, 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே மருந்தை சிஓபிடியில் சோதித்தபோது பாதகம் கூடியதால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

மிஞ்சுவது, மாட்டைக் கீழே இறக்கிய வைத்தியம்: ஆக்சிஜன். 1980-ல் அமெரிக்காவிலும் 1981-ல் பிரிட்டனிலும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இதை நிலைநாட்டின. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்த சிஓபிடிக்காரர்கள் நாளுக்கு 15 மணி நேரமாவது ஆக்சிஜன் எடுத்தால் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். பிரஷர் ஏறும் வேகமும் மட்டுப்பட்டது. நிதானமாக உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிமீட்டரில் 88 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பலன். 92 இருக்கிறவர் மெஷின் வாங்கிப் பயனில்லை. 2016-ல் வந்த இன்னோர் ஆய்வு அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

"மூச்சு வாங்கும்போது வச்சிக்கிறேன் சிஸ்டர்" என்றார் காவல்காரர். ஆக்சிஜன் மெஷின் தாகத்துக்குக் குடிக்கும் தண்ணீர் அல்ல, குழாய்க்குத் தரும் மருந்து என்று அவருக்குப் புரியவைக்க நாளாயிற்று. தூங்கும்போது கட்டாயம் போடவேண்டும். ராத்திரியில்தான் ஆக்சிஜன் இன்னும் இறங்கும். அளவையும் இஷ்டத்துக்குத் திருகக்கூடாது. சிஓபிடியில் கூடுதல் ஆக்சிஜன் கரியமில வாயுவைத் தேக்கி மயக்கத்தில் தள்ளும்; பெரும்பாலும் 88-க்கும் 92-க்கும் நடுவில் நிறுத்துவார்கள். மெஷின் ஓடும் அறையில் பீடியும் ஊதுபத்தியும் கூடாது. மூக்குக் குழாயிலேயே தீப்பிடிக்கும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 5 லிட்டர் மெஷின் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். 15 மணி நேரம் என்றால் நாளுக்கு 5 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாத பில்லில் 300 யூனிட்டுக்கு மேல். அரசு தரும் இலவச 100 யூனிட் இதில் மூன்றில் ஒரு பங்குக்குக் காணாது. கரண்ட் போனால் ஒரு சின்ன சிலிண்டர் கைவசம் வேண்டும். காவல்காரர் வீட்டில் பில்லைப் பார்த்து மகன் முகம் சுளித்தது உண்மை. ஆறு மாதத்தில் அப்பாவை மூன்றுமுறை அட்மிட் பண்ணிய செலவை எழுதிக் காட்டிய மருமகள்தான் மெஷினை ஓடவைத்தாள்.

இதோடு இன்ஹேலரை ஒழுங்காக இழுப்பது, ஃப்ளூ மற்றும் நிமோனியா தடுப்பூசி, தினமும் முடிந்த அளவு நடை. அடிக்கடி சளி முற்றி அட்மிட் ஆவது ஒவ்வொரு தடவையும் குழாய்க்கு ஓர் அடி.

ரெண்டு நிமிஷ வேலை

எங்கள் ஊருக்கு வீடு தேடி வரும் தன்னார்வலர் பெண்கள் கெட்டிக்காரிகள். சிஓபிடியும் ஆஸ்துமாவும் இப்போது தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆகவே அவர்களிடமும், இதைப் படிக்கும் பிள்ளைகளிடமும் கேட்பது இதுதான். இளைப்புள்ள பெரியவர் வீட்டில் கைப் பிரஷர் பார்த்தபின் எழுந்துவிடாதீர்கள். விரலைத் துடைத்து ஆக்சிமீட்டர் மாட்டி, எண் நிலைக்கும்வரை பொறுங்கள். கறுத்த தோலில் அது உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், அதனால் 90, 91-ஐயும் நம்பிவிட வேண்டாம். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி விழுந்து நிற்கிறதா பாருங்கள். பீடியா, விறகா, கல்லா என்று கேளுங்கள். மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, "எக்கோ பார்க்கவேண்டுமா?" என்று கடைசி வரியில் ஒரு கேள்வியும் போட்டு, போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். கிட்னி, வாயு என்று போகும் ஒரு வருஷத்தை அந்தச் சீட்டு மிச்சப்படுத்தும். குழாய் தடிப்பதற்கு முன்னால் கிடைக்கிற ஒரு வருஷம் இந்த நோயில் பெரிய காலம்.